வெள்ளிமலைக்கு நேர் கீழே

செப்டம்பர் 12, 1987. சனி.

ஆறே கால் பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளிமலையிலிருந்து வருவது, திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடுவது. மலைப்பிள்ளைகளின் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார், விடுதிக்கும் அவரே காப்பாளர். தாலுகா ஆபீசில் என்னோடு டைப் அடிக்கிறவளுடைய புருஷன் சனிக்கிழமை ஆனால் மல்லிகைப்பூ வாங்கி வருகிறாராம். என்னுடையவர் மஞ்சப்பை நிறையக் கடுக்காய் கொண்டுவந்திருக்கிறார். போன வாரமும் கடுக்காய்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இத்தனை கடுக்காயை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தாலுகாவுக்கே வயிறு சுத்தம் பண்ணலாம் என்றேன். சிரித்தார். மாயவனுக்குச் சிரிக்க நன்றாகத் தெரியும். (புருஷன் பெயரைச் சொல்லத்தான் கூடாது, எழுதலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.)

சனிக்கிழமை எனக்குப் பிடித்த கிழமை. இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

செப்டம்பர் 13. ஞாயிறு.

கடுக்காயை முறத்தில் கொட்டினேன். பையின் அடியில் நாலாக மடித்த ஒரு கார்பன் நகல். "மேற்படி பள்ளியிலேயே மேலும் மூன்று ஆண்டுகள் பணிபுரிய எனக்கு முழுச் சம்மதம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." கீழே அவர் கையெழுத்து. தேதி பத்து நாளைக்கு முந்தியது.

வருகிற ஜூனில் கீழே மாற்றல் கிடைத்துவிடும் என்று நான் காலண்டரைக் கிழித்துக்கொண்டு இருக்கிறேன். இவர் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறார். போன சனிக்கிழமை என் எதிரே உட்கார்ந்து மூன்று முறை ரசம் வாங்கிக் குடித்தாரே, அப்போதும் இந்தக் கடுதாசி எழுதியாகிவிட்டதுதானே?

கேட்டேன். "சொல்லலாம்னுதான் இருந்தேன் அம்சா" என்றார். எப்போ? மூணு வருஷம் முடிஞ்சப்புறமா? எனக்கு வாய் அடங்கவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அங்கயே இருந்துக்கங்க. சனிக்கெழம வந்து தங்கிட்டுப் போவ இது சத்திரம் இல்ல. வர வேணாம்."

திங்கட்கிழமை போகிற மனுஷன் இன்றைக்கே சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார். சட்டை கூட ஈரமாகத்தான் எடுத்துக்கொண்டு போனார். போகட்டும்.

செப்டம்பர் 14. திங்கள்.

அவர் இல்லாத திங்கட்கிழமைக்கு நான் ஏன் நாலரை மணிக்கு எழுந்து இட்லி ஊற்றினேன்?

செப்டம்பர் 16. புதன்.

நாளையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். இட ஒதுக்கீடு கேட்டு. வீட்டுச் சொந்தக்காரர் ஷேக் மைதீன் பாய்க்குக் கடைத்தெருவில் பீங்கான் பாத்திரக் கடை. கல் எவன் விடுவான், எந்தப் பக்கத்திலிருந்து விடுவான் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லி, ஒவ்வொரு கோப்பையையும் வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி துடைக்கிறார். மெஹ்ராஜ் அக்கா, பாயின் சம்சாரம், என்னைப் பார்த்து முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டார். ஜலதோஷம் என்றேன். மாயவன் தம்பி ஞாயிற்றுக்கிழமையே போனதிலிருந்து ஜலதோஷமா என்று கேட்டார். ஒரே சுவர் வைத்த வீட்டில் ரகசியம் எங்கே தங்கும்?

செப்டம்பர் 17. வியாழன்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற இடத்தில் நாய்கள் படுத்திருக்கின்றன. நாலு பக்கமும் புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள். பியூன் கண்ணாயிரம் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏழு மரம் தாண்டி வந்தாராம். சாயங்காலத்துக்குள் அவர் வாயில் அது பதினொன்றாகிவிட்டது. ஆபீசில் மொத்தம் ஆறு பேர். தாசில்தார் கடலூருக்கு மீட்டிங் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

வேலைக்கு ஆயிரம் பேர் மனுப்போட்டு நாலு பேருக்குக் கிடைப்பதை டைப் அடிக்கிறவள் நான். ரோட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை.

செப்டம்பர் 18. வெள்ளி.

வடக்கே துப்பாக்கிச் சூடு, உயிர்கள் போயிருக்கின்றன என்கிறார்கள். இன்றைக்கு இதற்குமேல் எழுத வரவில்லை.

செப்டம்பர் 19. சனி.

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். எனக்காகத்தான். நான் கருவாடு சாப்பிட மாட்டேன் என்பது வேறு விஷயம். மெஹ்ராஜ் அக்காவுக்குக் கிண்ணத்தில் கொடுத்தேன். அக்கா கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஆறே கால் ஆனது. பஸ் இல்லை, நானும் வர வேண்டாம் என்றேன். இரண்டில் எதனால் வரவில்லை என்று மட்டும் தெரிந்தால் போதும்.

செப்டம்பர் 20. ஞாயிறு.

காலை ஆறு பத்து. பால் வைத்திருந்தேன். வெளியே கனத்த லோடு ஏற்றின லாரி போகிற மாதிரி ஒரு உறுமல். அட, மறியல் முடிந்துவிட்டதா என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். வாசலுக்குத் திரும்பினால் ரோட்டில் லாரி இல்லை. காலுக்குக் கீழே தரை ஒரு தரம் நழுவி நின்றது. மூலையில் அடுக்கி வைத்திருந்த பானைகள் ஒன்றோடொன்று கலகலவென்று பேசிக்கொண்டன. உச்சியில் இருந்த மூடி மட்டும் விழுந்து, சக்கரம் மாதிரி உருண்டு, வாசற்படி வரைக்கும் வந்து படுத்துக்கொண்டது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

தெருவே ரோட்டில் நின்றது. மெஹ்ராஜ் அக்கா பாதி பின்னின தலையோடு நின்றார். மைதீன் பாய் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். அரை மணி கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். வைக்கோல் புண்ணியத்தில் ஒரு சாஸர் கூட உடையவில்லையாம். உள்ளே போய்ப் பார்த்தால் அக்காவின் நிக்காஹ் சீராக வந்த பீங்கான் பிரியாணி பேசின் இரண்டாகக் கிடக்கிறது. "கடையில இருக்கறதெல்லாம் வைக்கோல்ல சுத்துனீங்க, வூட்டுல இருக்கறத யாரு சுத்துவா?" என்று அக்கா கேட்டதும் பாய் மறுபடியும் கடையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் ரேடியோ: வட மாவட்டங்கள் சிலவற்றில் லேசான நில அதிர்வு, மையம் எது என்று ஆராயப்படுகிறது. அவ்வளவுதான். பேப்பர் மறியலில் நிற்கிறது. கடைத்தெருவில் பார்த்த கண்ணாயிரத்துக்கு மட்டும் மையம் தெரிந்துவிட்டது. கல்வராயன்மலை. எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "மலதான பெருசு? பெருசுதான் மொதல்ல ஆடும்" என்றார்.

சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மலைக்குப் போகிற டெலிபோன் கம்பி மரத்தோடு சேர்ந்து கீழே கிடக்கிறது. பள்ளிக்கூடம் பழைய ஓட்டுக் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை அவர் எட்டு மணிவரை தூங்குவார். ஓட்டுக்குக் கீழே. அங்கயே இருந்துக்கங்கன்னு சொன்னவ யாரு? நான்தான. இன்னா வாயி இது. இந்த வாயத் தச்சிக்கினு இருந்திருக்கக் கூடாதா நான்?

செப்டம்பர் 21. திங்கள்.

மெஹ்ராஜ் அக்காவின் தம்பி ஜுல்பிகர் போர்வெல் லாரி வைத்திருக்கிறார். மறியலால் லாரியோடு எங்கள் தெருவில் ஐந்து நாளாக முடங்கிக் கிடக்கிறார். பூமிக்குள் துளை போடுகிறவருக்குப் பூமி பற்றித் தெரிந்திருக்குமே என்று, மையம் என்றால் என்ன, அங்கேதான் ரொம்ப ஆடும் என்கிறார்களே, ஏன் என்று கேட்டேன். ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போல, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

போர் போடும்போது நூற்றைம்பது அடிக்குக் கீழே சுத்தியல் பாறையை அடிக்குமாம். போர் போடுகிற வீட்டில் டம்ளர் துள்ளும். நாலாவது வீட்டில் ஜன்னல் கம்பி மட்டும் பாடும். பத்தாவது வீட்டுக்காரன் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே மாட்டான். அடி ஒன்றுதான், அது நாலாபக்கமும் விரிந்துகொண்டே போகிறது, விரிய விரிய இளைத்துப் போகிறது. பூகம்பமும் அப்படித்தானாம். உள்ளே எங்கேயோ பாறை உடைகிறது. அதற்கு நேர் மேலே தரையில் இருக்கிற இடம்தான் மையம்.

"ஒடையற எடத்துக்கு நேர் மேல இருக்கறவன்தான்க்கா கிட்ட. மத்தவங்களுக்கெல்லாம் சாய்வா வரணும். வர வழியிலயே கொஞ்சம் கொஞ்சமா கம்மி ஆயிடும்."

ரொம்ப ஆழத்தில் உடைந்தால்? அப்போது நேர் மேலே இருக்கிறவனுக்கும் பக்கத்து ஊர்க்காரனுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காதாம். ஆழமாக உடைந்திருக்கட்டும் என்று உடனே வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமிக்கு இந்த இலாகா என்று தெரியவில்லை, பொதுவாக வேண்டிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு யோசனை. ஊர் ஊராக எவ்வளவு ஆடியது என்று கேட்டால் எந்தப் பக்கம் ஜாஸ்தி ஆகிறது என்று தெரிந்துவிடும் இல்லையா? மையம் மலையா, வேறா என்று நானே கண்டுபிடித்துவிடலாம். ஆபீசுக்கு சைக்கிளிலும் நடந்தும் வருகிறவர்களிடம் கேட்கத் தொடங்கினேன். எழுதிக்கொள்ள ஆபீஸ் நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

செப்டம்பர் 22. செவ்வாய்.

தாலுகா ஆபீஸ் அம்மா கையில் நோட்டோடு எத்தனை பானை விழுந்தது என்று கேட்கிறாள் என்றால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? நிவாரணத்துக்கு லிஸ்ட் எடுக்கிறாள் என்றுதான். கண்ணாயிரம் வேறு, நான் மறுக்க மறுக்க, "வெளிய சொல்லக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்று கண்ணடித்து ஊதிவிட்டார். காலை பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் நாற்பது பேர். எல்லார் வீட்டிலும் எல்லாப் பானையும் விழுந்துவிட்டது. ஒருவர் வீட்டில் கிணறே ஒரு அடி தள்ளிப் போய்விட்டது. இன்னொருவர் வெளியூரில் இருக்கிற மச்சான் வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

பதினோரு மணிக்கு அறுபத்துமூன்று கையெழுத்து, பதினெட்டு கைநாட்டோடு ஒரு மனு. "எங்கள் ஊரே மிகவும் ஆடிய ஊர் என்பதால், எங்கள் ஊரையே நிலநடுக்க மையமாக அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." எந்த ஊர் என்று எழுதமாட்டேன், நாளைக்கு என் மேலே மனு வரும். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் எதிர் மனுவோடு வந்தார்கள். இரண்டையும் பதிவு செய்து நம்பர் போட்டேன். கேட்டால்தான் எதுவும் கிடைக்கும் என்று இருக்கிற நாட்டில் ஜனங்கள் கேட்காமல் என்ன செய்வார்கள்?

ஆனால் என் கணக்கு பாழாகிவிட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் தன் வீட்டில் ஒன்பது பானை விழுந்ததைச் சொல்லி முடித்தார். சும்மா வாய்க்கு வந்து, பக்கத்து வீட்டில் எத்தனை விழுந்தது என்று கேட்டேன்.

"அவன் வூட்டுலயா? மேல இருந்து ரெண்டோ மூணோ வுழுந்திருக்கும். அதுவே ஓட்டப் பானதான்" என்றார்.

எழுந்து நின்றுவிட்டேன். அதற்கப்புறம் யாரிடமும் அவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டைப் பற்றி மட்டும் கேட்டேன். அடடா, இந்தத் தாலுகாவில் இத்தனை நேர்மையா? களமருதூரில் பக்கத்து வீட்டுப் பானை ஒன்றுமே விழவில்லை, கோழி மட்டும் கத்தியது. இங்கே கள்ளக்குறிச்சியில் என் வீட்டில் விழுந்த மூடி மட்டும். சங்கராபுரத்தில் ஒன்று. மலையடிவாரம் கச்சிராயபாளையத்தில் இரண்டு, மூன்று. மலைக்குக் கிட்டப் போகப் போக எண்ணிக்கை ஏறுகிறதே என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, மத்தியானம் மணலூர்பேட்டையிலிருந்து தங்கமணி என்று ஒரு கரும்பு விவசாயி வந்தார். அவர் பக்கத்து வீட்டில் நாலு. எதிர் வீட்டில் நாலு. பங்காளி வீட்டில் கூட மூன்று என்று ஒத்துக்கொண்டார். பங்காளி வீட்டுக்கே மூன்று கொடுக்கிறார் என்றால் நிஜமாகவே ஐந்து இருக்கும்.

மணலூர்பேட்டை எங்கே, வெள்ளிமலை எங்கே. இது வடகிழக்கே பெண்ணையாற்றங்கரை, அது மேற்கே மலை உச்சி. அப்படியானால் மையம் மணலூர்பேட்டைதான். மலை தப்பித்தது. இரண்டு நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மணலூர்பேட்டைக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அந்தத் தங்கமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன், அவர் நிவாரணம் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 23. புதன்.

ஜுல்பிகரிடம் பெருமையாக நோட்டைக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டாம்.

"மணலூர்பேட்ட ஆத்து மணலுக்கா. அங்க போர் போட்டா எனக்கே தெரியும், சுத்தியல் அடிச்சி ஓஞ்சப்புறமும் தர தளதளன்னு ஆடிக்கினே இருக்கும். தூரத்துல இருந்து வந்தது கூட மணல்ல பெருசாயிடும். அத தள்ளிட்டுப் பாருங்க."

தள்ளிவிட்டுப் பார்த்தேன். களமருதூர், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், கச்சிராயபாளையம். சைபர், மூடி, ஒன்று, மூன்று. அடுத்தது மலை. மலையிலிருந்து ஒருத்தரும் வரவில்லை.

மலை பாறைதானே, பாறை கம்மியாகத்தானே ஆடும் என்று கேட்டேன். ஆமாம் என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, ஆனாலும் கிட்ட என்றால் கிட்டதான்க்கா என்றார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவன் வாயை அடைக்க நாலு கடுக்காயைப் போட வேண்டும்.

மறியல் இன்றோடு முடிகிறது. மரத்தையெல்லாம் இழுத்துப் போடுகிறார்கள். மலை பஸ் என்றைக்கு விடுவார்கள் என்று டிப்போவில் யாருக்கும் தெரியவில்லை. நாளைக்கு நான் போகிறேன். நடந்தாவது போகிறேன். நாற்பது கிலோமீட்டர் இன்னா பெரிய தூரமா? அவரு அங்க எப்டி கெடக்கறாரோ. மூணு வருஷம் இல்ல, முப்பது வருஷம் வேணாலும் அங்கயே இருக்கட்டும், இருந்தா போதும்.

செப்டம்பர் 24. வியாழன்.

கை வலிக்கிறது, இருந்தாலும் இதை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

நடந்து போகிறேன் என்று சொன்னதற்கு மெஹ்ராஜ் அக்கா என்னைத் திட்டிவிட்டு, ஜுல்பிகரை எழுப்பிவிட்டார். போர்வெல் பைப் ஏற்றுகிற சின்ன லாரியில் முன்னால் நாங்கள் மூன்று பேர். அக்காவும் வந்தார், தனியாக அனுப்ப மாட்டாராம். மடியில் டிபன் கேரியர். வழியெல்லாம் அக்கா வாய்க்குள் துவா ஓதிக்கொண்டே வந்தார், நடுநடுவே தம்பியிடம் பார்த்து ஓட்டு என்று உறுமினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஏற, அங்கங்கே ரோட்டில் கல் உருண்டு கிடந்தது. ஒவ்வொரு கல்லைப் பார்க்கும்போதும் அக்கா என் கையைப் பிடித்தார். அக்கா கை என் கையை விடச் சில்லென்று இருந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மைதானத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. சமையல் பண்ணுகிற கண்ணகி அம்மா ஓடி வந்தார். பூமி ஆடினபோது பிள்ளைகள் எல்லாரும் ஓடையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்களாம், ஒரு கீறல் கிடையாது. சார் எங்கே என்று கேட்டேன். அந்த அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"சாரு சனிக்கெழமையே வூட்டுக்குக் கெளம்பிட்டாரேம்மா. பஸ்ஸு இல்லையே சார்னேன். காலு இருக்குதுன்னு நடந்துட்டாரு. அங்க வரலையா?"

அந்த அம்மாவே அவர் அறையைத் திறந்து காட்டினார். கட்டில் மேலே கூரையிலிருந்து விழுந்த ஒரு மரச்சட்டமும் ஒரு கூடை ஓடும். தலையணை இருந்த இடத்தில்தான் குவியல். அண்ணாந்தால் வானம் தெரிந்தது. மையம் இங்கேதான், வேறு எங்கேயும் இல்லை. நான் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இங்கே இருந்திருந்தால் போயிருப்பார். வர வேண்டாம் என்று நான் சொல்லியும் நடந்திருக்கிறார். நடந்தவர் எங்கே? ஐந்து நாள் ஆகிறதே.

இறங்கும்போது ஒவ்வொரு டீக்கடையிலும் லாரியை நிறுத்தினோம். கச்சிராயபாளையத்தில் மூன்றாவது கடையில் சொன்னார்கள். சனிக்கிழமை பஸ்ஸின் கண்டக்டர் வீட்டுத் திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, முறத்தை மடியில் வைத்து, மாயவன் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். காலையில் அதே வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறோம். அக்கா அந்தப் பக்கம் பார்த்துத் துவா வேறு ஓதினார்.

சனிக்கிழமை அந்தி மசங்கலில், வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தைத் தாண்டும்போது கால் பிசகிவிட்டது. ஒரு வாரம் ஊன்றக் கூடாது என்று கட்டுப்போட்டு, வாராவாரம் டிக்கெட் கொடுக்கிற பழக்கத்தில் கண்டக்டரே வீட்டில் வைத்துக்கொண்டார். யாரிடமாவது சொல்லி அனுப்பக் கூடாதா என்று கேட்டேன். கடலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வர வேணாம்னு சொன்னியே. வந்துகினு இருக்கேன்னு எப்டி சொல்லி அனுப்பறது?"

பூமி ஆடியதா உங்களுக்கு என்று கேட்டேன். எப்போது என்று என்னைக் கேட்டார். அந்த வீட்டில் மூன்று பானை விழுந்து எல்லாரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். இவர் மட்டும் கட்டிலில் படுத்துக்கொண்டு, கட்டில் கால்தான் ஆட்டம் கண்டுவிட்டது என்று நினைத்தாராம். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, நடுத்தெருவில் மூக்கைச் சிந்தினேன். அக்கா டிபன் கேரியரைத் திறந்து மூன்று ஊர் கேட்கிற மாதிரி, "மொதல்ல துன்னுங்க, அப்பறம் சண்ட போடுங்க" என்றார்.

செப்டம்பர் 26. சனி.

சண்டை போட்டோம். ஆனால் மெதுவாக. சம்மதக் கடுதாசியை ஏன் கொடுத்தீர்கள் என்றேன். "எனக்கு அங்க புடிச்சிருக்கு அம்சா. அந்தப் புள்ளைங்கள வுட்டுட்டு வர முடியல. உன்னையும் வுட முடியல. சொன்னா ரெண்டுல ஒண்ணு போயிடும்னு பயம்" என்றார். நான் அவ்வளவு பயங்கரமானவளா? கேட்டதற்கு, ஆமாம் என்று தலையை ஆட்டினார். வேண்டுமானால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னார். வாங்குங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

அக்டோபர் 3. சனி.

ஒரு சனி நீங்கள் வாருங்கள், ஒரு சனி நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கால் கட்டோடு அவர் இன்று மலை ஏறினார். அந்த அறைக்கு ஓடு போட்டாகிவிட்டதா, கட்டிலை நகர்த்தியாகிவிட்டதா என்று கேட்டுத்தான் விட்டேன். ஆபீசில் மைய மனுக்கள் பத்தொன்பது. பத்தொன்பதையும் தாசில்தார் மேசையில் வைத்தேன். அவர் மனுக்களை விட்டுவிட்டு என்னைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

அக்டோபர் 18. ஞாயிறு. வெள்ளிமலை.

நேற்று பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும்போது, பூமியைப் பார்க்க வந்தீங்களா, வாத்தியாரைப் பார்க்க வந்தீங்களா என்று கேட்டார்.

காலையில் கண்ணகி அம்மாவோடு கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். விடுதிப் பிள்ளைகள் முப்பது பேரும் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நடுவில் நின்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அதே உறுமல். இந்த முறை லாரி என்று நான் ஏமாறவில்லை. ஒரே வெட்டு, காலுக்கு நேர் கீழே இருந்து யாரோ குத்துகிற மாதிரி. தட்டெல்லாம் துள்ளின. நான் கத்துவதற்குள் அவர் அந்தக் காலோடு இரண்டு கையிலும் நாலு பிள்ளையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினார். பின்னாலேயே எல்லாரும். நான் களித் துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டே மைதானத்தில் நின்றேன்.

அவ்வளவுதான். நின்றுவிட்டது. ஒரு ஓடு கூட விழவில்லை. சின்னப் பிள்ளைகள் இன்னொரு தரம் ஆடுமா சார் என்று ஆசையாகக் கேட்டார்கள்.

அவர் மூச்சு வாங்க என் பக்கம் வந்தார்.

"இதுதானா அது? இவ்ளோதானா? இதுக்கா அவ்ளோ பயந்து லாரி புடிச்சி வந்த?"

"கிட்ட இருந்தா இவ்ளோதான்" என்றேன். "தூரத்துல இருக்கறவளுக்குத்தான் ஜாஸ்தி."

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த துடுப்பைப் பார்த்தார். அப்புறம் திரும்பிப் போய், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். கடைசிப் பிள்ளை எனக்குப் பக்கத்தில் நின்றது. அதன் தலையைத் தொட்டு முப்பது என்றார். அதே கை நகர்ந்து என் தலைக்கு வந்தது. முப்பத்தொன்று என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, எல்லாரும் இருக்காங்க, சாப்பிட வாங்க என்றார்.